விண்ணப்பம் இல்லாத இலவச லேப்டாப்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பள்ளி, கல்லூரி திறக்கும் மாதங்களில் பெற்றோர் மத்தியில் ஒரே கேள்விதான் அதிகம் கேட்கும். "ஏழைக் குடும்பத்துக்கு கவர்மென்ட்ல டேப்லெட்டும் நெட்டும் ஃப்ரீயா தர்றாங்களாமே, எங்க எழுதிக் குடுக்கணும்?" கேள்வியோடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் வந்த ஒரு லிங்க்கும் இருக்கும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேஷன் அட்டையையோ வருமானச் சான்றையோ காட்டி வீட்டுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக்கொள்ளும் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. வீட்டு இணையக் கட்டணத்தை அரசே மாதாமாதம் கட்டும் திட்டமும் இல்லை. படிக்கிற பிள்ளைக்குக் கருவி கிடைக்கிறது. அது அந்தப் பிள்ளை படிக்கும் கல்லூரி வழியாகவே வருகிறது. வெளியில் எங்கும் விண்ணப்பம் கிடையாது, கட்டணமும் கிடையாது. இது ஒன்று மனதில் நின்றுவிட்டால் பாதி ஏமாற்று வேலைகளிலிருந்து தப்பிவிடலாம்.

பிறகு ஏன் இணையத்தில் தேடினால் "இலவச அரசு டேப்லெட்" என்று பக்கம் பக்கமாக வருகிறது? அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே ஏழைக் குடும்பங்களின் தொலைபேசிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் 'லைஃப்லைன்' திட்டம் 1985 முதல் இருக்கிறது. 2016-ல் அதில் இணையத்தையும் சேர்த்தார்கள். கழிவு மாதத்துக்கு 9.25 டாலர். கொரோனாவுக்குப் பின் இன்னொரு பெரிய திட்டம் வந்தது. மாதம் 30 டாலர் வரை இணையக் கட்டணத்தில் கழிவு, அதோடு டேப்லெட்டோ லேப்டாப்போ வாங்க ஒருமுறை 100 டாலர் வரை தள்ளுபடி. ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் 2024 ஜூன் தொடக்கத்தில் அது நின்றுபோனது. திட்டம் முடிந்தாலும் அதைப் பற்றிய வீடியோக்களும் விளம்பரங்களும் அப்படியே கிடக்கின்றன. அவற்றைத் தமிழில் பேசி ஏற்றுகிறவர்கள் எந்த நாட்டுத் திட்டம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மயிலத்தில் உட்கார்ந்து பார்க்கிற தாய்க்கு அது எப்படித் தெரியும்?

நம் ஊர் வழி வேறு மாதிரி அமைந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்கும், அதேபோன்ற கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் லேப்டாப் தரப்பட்டது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. பல ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, அரசு யாருடைய வருமானத்தையும் கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்பதுதான் தகுதி. சான்று வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாதவர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்தது. ஏழைகளைத் தேடிப் பிடித்துத் தருவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. தேடிப் பிடிக்கும் திட்டங்களில் உண்மையான ஏழையே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்.

கொரோனா காலத்தை ஒட்டி அந்த விநியோகம் நின்றது. பிறகு 2025 மார்ச் 14 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்றும், முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது என்றும் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். 'கைக்கணினி' என்ற அந்த ஒரு சொல்லும் டேப்லெட் பேச்சைக் கிளப்பிவிட்டது. கடைசியில் கொள்முதல் செய்யப்பட்டது லேப்டாப். 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் 2026 ஜனவரி 5 அன்று சென்னையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் விநியோகத்தைத் தொடங்கிவைத்தார். முதல் கட்டத்தின் இலக்கு 10 லட்சம் கருவிகள். இந்த முறை கல்லூரி மாணவர்களுக்கு மட்டும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் பெற்றோர் பழைய நினைவில் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டுப் பயனில்லை.

அப்படியானால் மாணவர் செய்ய வேண்டியது என்ன? திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில் படித்தாலும் விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் படித்தாலும் வழி ஒன்றுதான். உங்கள் பெயர் கல்லூரியின் பதிவேட்டில் சரியாக இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்களின் விவரங்கள் 'யுஎம்ஐஎஸ்' என்ற அரசுத் தளத்தில் ஏற்றப்படுகின்றன. உதவித்தொகை முதல் பல திட்டங்களுக்கும் அந்த விவரங்களையே பார்க்கிறார்கள். ஆதாரில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா, இன்ஷியல் மாறியிருக்கிறதா, கைபேசி எண் இப்போது உபயோகத்தில் உள்ளதா என்று ஒருமுறை கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிடுங்கள். சேர்க்கையின்போது அப்பாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு, அந்த சிம்மையே தூக்கிப் போட்டிருப்பார்கள். ஓடிபி செத்துப்போன நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். எத்தனையோ உதவித்தொகைகள் இந்தச் சின்ன விஷயத்தில்தான் தடைபடுகின்றன. அடுத்த கட்டத்தில் எந்த ஆண்டு மாணவர்களுக்கு முறை வருகிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

செஞ்சி ரோட்டில் ஒரு இ-சேவை மையத்தில் காதில் விழுந்த பேச்சு இது. கூட்டேரிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, கையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் வைத்திருந்தார்.

"லேப்டாப்புக்கு எழுதணும் தம்பி. வருமானச் சான்று எடுத்துக் குடு."

"பொண்ணு எங்கம்மா படிக்குது?"

"இங்கதான், கவர்மென்ட் காலேஜ்ல. ரெண்டாவது வருசம்."

"அப்போ லேப்டாப்புக்கு இங்க எழுதறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. காலேஜ்லயே கூப்ட்டுக் குடுப்பாங்க. வருமானச் சான்று ஸ்காலர்ஷிப்புக்கு வேணும்னா சொல்லுங்க, போடறேன். அறுபது ரூபா ஆவும்."

"பக்கத்து ஊட்ல ஐந்நூறு ரூபா கட்டினாங்களே?"

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "யாருகிட்ட கட்டினாங்க? போய் மொதல்ல அதக் கேளுங்க."

அந்தப் பையனைப் போன்ற ஓர் ஆள் ஒவ்வொரு மையத்திலும் இருந்தால் போதும். 60 ரூபாய் கட்டணமும் ஓராண்டு செல்லுபடியும் உள்ள வருமானச் சான்று உதவித்தொகைக்கும் வேறு பல சலுகைகளுக்கும் உண்மையிலேயே உதவும். லேப்டாப்புக்காக மட்டும் அதை எடுக்க வேண்டாம்.

இனி இணையம். இதைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு. கருவி ஒருமுறைச் செலவு. விழா எடுத்துக் கொடுத்துவிடலாம். இணையமோ மாதம் தவறாமல் வரும் செலவு. இங்கே எந்த அரசும் அதை நீண்ட நாள் சுமந்ததில்லை. தமிழ்நாட்டில் ஒரே ஒருமுறை நடந்தது. கல்லூரிகள் ஆன்லைனுக்கு மாறியிருந்த 2021 ஜனவரியில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா தரும் கார்டை 9 லட்சத்து 69 ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களுக்கு அறிவித்தார். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்களோடு, உதவித்தொகை பெற்றுச் சுயநிதிக் கல்லூரியில் படித்தவர்களுக்கும் அது பொருந்தும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதம். அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது "இலவச டேட்டா கார்டு" என்று பழைய செய்தித்தாள் படத்தை அனுப்பினால், அது இந்த 2021 செய்தியாகத்தான் இருக்கும். தேதியைப் பாருங்கள்.

கைபேசிப் பாடம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. ஊரடங்கில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டருகிலேயே சொல்லிக்கொடுக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. தொடங்கிய இடம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பம். கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது, வாட்ஸ்அப் வகுப்பும் இருந்தது. அதற்குப் பிறகும் ஆளை அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் பழைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 விழுக்காடு, மாநில அளவு 80-க்குச் சற்று மேல். இந்த இடைவெளியோடு இருக்கிற ஊரில் ஒரு லேப்டாப்பை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது.

பக்கத்துக் கேரளம் வேறு வழியில் போய்ப் பார்க்கிறது. இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதியில் கைபேசிக்குத் தடை போட்டதை எதிர்த்துக் கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கு அது. 2023 ஜூன் 5 அன்று 'கேஃபோன்' என்ற அரசு ஃபைபர் இணையத்தைக் கேரள அரசு தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டமாகத் தொகுதிக்கு 100 குடும்பம் என்று 14,000 வீடுகள். இலக்குக்கும் தொடக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரியதுதான். ஆனால் "இணையத்தை வீட்டுக்குக் கொடுப்போம்" என்று ஒரு மாநில அரசு வாய்விட்டுச் சொன்னதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழ்நாட்டிலும் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை மாநில அரசின் 'டான்ஃபிநெட்' நிறுவனம் 2022-ல் கையில் எடுத்தது. விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் உள்ள ஊராட்சிகளும் அதில் அடக்கம். அந்தக் கேபிள் ஊராட்சி அலுவலகம் வரை வருவது. அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு இணைப்பு வேண்டுமென்றால் பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் உங்கள் ஊராட்சியில் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கிராமசபையில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேளுங்கள். யாரும் கேட்காத ஊரில் இணைப்புப் பெட்டி பூட்டியே கிடக்கும்.

இப்போதைக்கு இணையத்துக்குப் பணம் வேண்டும், அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்', 2024 ஆகஸ்ட் 9 முதல். 2024 ஜூலையில் கைபேசி நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியபோது, நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் ஜியோவில் 299 ரூபாய் ஆனது. 28 நாள் என்பதால் வருடத்துக்கு 13 முறை போட வேண்டும்: 3,887 ரூபாய். மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால், 1,000 ரூபாய் உதவித்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போக வேண்டிய பணத்தில் அது சின்னத் தொகை கிடையாது. அதனால் அந்த ஒன்றரை ஜிபியை எப்படிக் காப்பாற்றுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புது லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைத்ததும் அன்றைய டேட்டா கொஞ்ச நேரத்தில் காலியாகும். பிள்ளை எதையோ பார்த்துவிட்டது என்று வீட்டில் சண்டை வரும். பிள்ளைமேல் தப்பில்லை. விண்டோஸ் தன் அப்டேட்களை யாரிடமும் கேட்காமல் இறக்கிக்கொள்கிறது. அது பல ஜிபி வரை போகும். செய்ய வேண்டியது இது: செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய், இணைத்திருக்கும் வைஃபை பெயரைத் திறந்து, 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் நின்றுவிடும். 'ஒன்டிரைவ்' தானாகப் படங்களை ஏற்றுவதையும் நிறுத்துங்கள். அப்டேட் அவசியம்தான். அதைக் கல்லூரியில் வைஃபை இருக்கும்போது முடித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வாட்ஸ்அப்பின் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பக்கத்தில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை அணைத்துவிடுங்கள். பாட வீடியோவை 480-ல் பார்த்தால் மணிக்கு அரை ஜிபி சுமாராகச் செலவாகும். கரும்பலகையும் குரலும் தெரிந்தால் போதும் என்றால் 240-ல் வையுங்கள், பாதிகூட ஆகாது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் தம்பி தங்கைக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 'மணற்கேணி' செயலி இருக்கிறது. 2023-ல் வந்தது, காசில்லை, ஆறு முதல் பிளஸ் டூ வரைப் பாடங்கள் அசைவுப் படங்களாக உள்ளன.

பொது இடங்களில் ரயில் நிலையம் ஒரு வழி. ரெயில்டெல் நிறுவனத்தின் 'ரெயில்வயர்' வைஃபை நாடெங்கும் 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் உண்டு. கைபேசி எண்ணுக்கு ஓடிபி வாங்கி நுழைந்தால் நாளுக்கு முதல் அரை மணி நேரம் இலவசம். விழுப்புரம் ஜங்ஷனில் பாசஞ்சருக்குக் காத்திருக்கும் நேரத்தில் குறிப்புகளை இறக்கிக்கொள்ளப் போதும். அதற்காகவே நிலையத்துக்குப் போய் உட்கார வேண்டாம், குறிப்பாக இரவில்.

மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் நிலைமை வேறு. அங்கே தனியாக விண்ணப்பம் உண்டு. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலியோடும், காது கேளாதவர்களுக்குத் தக்க செயலியோடும் திறன்பேசி தரும் திட்டத்தை மாநில அரசு நடத்துகிறது. விழுப்புரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையோடு போய் விசாரிக்க வேண்டும். வயது, படிப்பு, வேலை பற்றிய நிபந்தனைகளை அங்கே சொல்வார்கள். இது தெரியாமலேயே இருக்கும் வீடுகள் நிறைய. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுபடியும் அந்த லிங்க். அரசின் இணைய முகவரி பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என்று முடியும். தமிழக அரசுடையது 'டிஎன் டாட் கவ் டாட் இன்'. நடுவில் எங்கோ 'கவ்' என்று வந்துவிட்டு வேறு எப்படியோ முடிந்தால் அது போலி. "பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் பதிவு முடியும்" என்று கேட்டாலும் போலி. எல்லா மாணவருக்கும் இலவச லேப்டாப், மூன்று மாத இலவச ரீசார்ஜ் என்றெல்லாம் வந்த செய்திகளைப் பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே பலமுறை மறுத்திருக்கிறது. இதைவிட ஆபத்தானது 'ஏபிகே' கோப்பு. "விண்ணப்பப் படிவம்" என்ற பெயரில் வரும். அதைத் திறந்து நிறுவிவிட்டால் கைபேசிக்கு வரும் ஓடிபிகளை எல்லாம் எதிராளி படித்துவிடலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த வாய்ப்பு போய்விடும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், திட்ட மாட்டோம் என்று.

தகுதி இருந்தும் கல்லூரியில் பெயர் விடுபட்டுப் போனால் முதலில் துறைத்தலைவரிடமும், பிறகு கல்லூரி முதல்வரிடமும் எழுத்தில் கொடுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். அல்லது திங்கள்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். மேல்மலையனூரிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் 1100-ஐ முதலில் முயன்று பாருங்கள். எந்த வழியானாலும் மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

கடைசியாக ஒன்று. அண்ணனோ அக்காவோ சில வருடம் முன்பு வாங்கிய அரசு லேப்டாப் பரணில் கிடக்கிறதா? பேட்டரி போயிருக்கும், திறக்கவே கால் மணி நேரம் ஆகும். அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் காசில்லாத லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொடுக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரரிடம் பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து விலையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றாமலே சார்ஜரில் செருகி ஓட்டலாம். தட்டச்சு பழக, பாட வீடியோ பார்க்க, மணற்கேணியை பிரௌசரில் திறக்க, விண்ணப்பம் நிரப்ப இதுவே போதும். பிளஸ் டூ பிள்ளைக்குக் கருவி வர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகலாம். அதுவரை இந்தப் பழையதில் கை பழகட்டும்.